சூடேறாத பெட்டியின் வரலாறு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து மேற்கே செல்பவர்களின் கண்ணில் சாவடி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்துப் படும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். ஊரார் கூடிப் பேசும் பொதுவிடம் என்றும் பொருளுண்டு. வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய காலம் முடிந்துவிட்டது. நாம் இன்று அச்சொல்லைப் பெரும்பாலும் வாக்குச்சாவடியிலும் சுங்கச்சாவடியிலும்தான் கேட்கிறோம். ஆயினும் வேலப்பன்சாவடியில் ஒரு கடைவாசல் இன்னமும் பழைய பொருளில் சாவடியாக இருக்கிறது. மின்விசிறி, மிக்சி, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் சிறு கடை அது. பெயர்ப்பலகை கிடையாது. காத்திருப்போர் உட்கார ஒரு மரப்பெஞ்சு உண்டு.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நல்ல மழையில், சூடேறாத எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனோம். எங்களுக்கு முன்பே ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி மரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பவர் அவர். பக்கத்திலுள்ள பல் மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளின் வெள்ளை அங்கிகள்தாம் அவருடைய முக்கிய வருமானம். அவர் மடியிலும் ஒரு பெட்டி இருந்தது. எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு கனமுள்ள பழைய மின்பெட்டி.

“அண்ணே, நாளைக்குக் காலைல ஏழு மணிக்குள்ள முப்பத்திரண்டு கோட்டு குடுத்தாவணும். மழையில கரி மொத்தமும் நனைஞ்சு போச்சு. சரி, வூட்டுக்குள்ள வெச்சுத் தேய்ச்சுக்கலாம்னு பார்த்தா இதுவும் சூடாவ மாட்டேங்குது” என்றார்.

கடைக்காரர் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. “மொதல்ல செவுத்தப் பார்த்தியாம்மா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளும் அவர் கை சென்ற வழியும் ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தன. சுவர், செருகி, வடம், முனை, கடைசியாகப் பெட்டியின் உட்புறம். வீடு திரும்பியபின் அந்த வரிசையை எண்ணிப் பார்த்தபோது, சூடேறாத பெட்டியில் பழுது தேடிச் செல்லும் வழியும் அந்தப் பெட்டி நம் வீடுகளுக்கு வந்துசேர்ந்த வழியும் ஏறத்தாழ ஒன்றே என்று எங்களுக்குத் தோன்றியது. ஒவ்வொரு பழுதுக்கும் பின்னால் ஒரு காலம் நிற்கிறது. இக்கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

*

சுவரில் மின்சாரம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வரலாற்றிலும் அதுவே முதல் கேள்வியாக இருந்தது.

நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி என்பவர் மின்சாரத்தால் சூடேறும் தேய்ப்புப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றது 1882ஆம் ஆண்டு ஜூன் மாதம். எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் அதே நகரில் இயங்கத் தொடங்கியது அவ்வாண்டு செப்டம்பரில். பெட்டி முந்திக்கொண்டது, மின்சாரம் பின்னால் வந்தது. அப்போதும் அம்மின்சாரம் விளக்கெரிக்கத்தான் வந்தது. பல ஊர்களில் மின்நிலையங்கள் மாலையில் தொடங்கி இரவு முடிய மட்டுமே இயங்கின. பகலில் துணி தேய்க்க விரும்புகிறவருக்குச் சுவரில் ஒன்றும் கிடைக்காது.

இதை மாற்றியவர்களில் ஒருவர் கலிபோர்னியாவின் ஒண்டாரியோ நகரில் மின்நிறுவனமொன்றில் பணியாற்றிய ஏர்ல் ரிச்சர்ட்சன். மின்கணக்கு எடுக்க வீடு வீடாகச் சென்றவர். தாமே செய்த எடைகுறைந்த பெட்டிகளை வாடிக்கையாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அந்நாட்டு இல்லத்தரசிகளுக்குச் செவ்வாய்க்கிழமை தேய்ப்பு நாள். ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் பகலிலும் மின்சாரம் தரும்படி நிறுவனத்தை இணங்கவைத்தார். பெண்கள் பெட்டியின் நுனியிலும் சூடு வேண்டுமென்றார்கள்; மடிப்புகளிலும் பொத்தான்களைச் சுற்றியும் நுனிதானே செல்ல வேண்டும்? அவ்வாறே செய்து கொடுத்தார். ஹாட்பாயிண்ட் என்ற வணிகப் பெயர் அந்தச் சூடான நுனியிலிருந்து பிறந்தது. துணி தேய்ப்பவரின் சொல்லைக் கேட்டுக் கருவி திருத்தப்பட்ட அரிய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

சென்னைக்கு மின்சாரம் புதிதன்று. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895இல் இந்நகரத் தெருக்களில்தான் ஓடியது; 1953 வரை ஓடியது. 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்தும் பின்னர் மேட்டூரிலிருந்தும் நீர்மின்சாரம் மாகாணத்தின் மற்றப் பகுதிகளுக்குப் பரவியது. 1957 ஜூலை முதல் நாள் மாநில மின்வாரியம் அமைந்தது. நகரின் மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் படைத்துறை ஆலைகளும் எழுந்தது 1960களில். ஆவடியில் 1961இல் தொடங்கப்பட்ட ஆலைகளுள் ஒன்று படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் ஆலை என்பதை இங்கே நினைவுகூரலாம். சீருடை அணிபவர் பெருகிய இடத்தில் தேய்ப்பவரும் பெருகினர்.

மின்சாரம் இருந்தும் போதாமல் போவது இன்னொரு வகை. 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் பெட்டிக்கு 180 வோல்ட் மட்டுமே கிடைத்தால் அது ஏறத்தாழ 610 வாட் தான் தரும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. மின்பாதையின் கடைசியிலிருக்கும் தெருக்களில் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் “பெட்டி மந்தமாகச் சூடேறுகிறது” என்ற முறையீடு எழுவது இதனால்தான். 2012ஆம் ஆண்டின் மின்வெட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம், மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளில் விசிறி சுற்றியது; இஸ்திரிப்பெட்டியை அதில் செருக எவரும் துணியவில்லை. அந்நாட்களில் மின்பெட்டி வைத்திருந்தவர்கள் கரிப்பெட்டி வைத்திருந்தவர்களைத் தேடிப் போனார்கள்.

அம்மாளின் வீட்டுச் சுவரில் மின்சாரம் இருந்தது. அதே செருகுதுளையில் கைப்பேசிக்கு மின்னேற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்திருந்தார்.

*

“அப்போ ஒயரு” என்றார் கடைக்காரர். வடத்தின் இரு முனைகளையும் விரல்களால் நீவிப் பார்த்தார்.

பெட்டி சூடேறாமைக்கு மிகப் பொதுவான காரணம் வடம் அறுந்துபோவதே. அறுவதும் நடுவில் அன்று. பெட்டிக்குள் நுழையும் கழுத்தில். தேய்ப்பவரின் கை ஒரு சட்டைக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் போகிறதோ அத்தனை முறையும் அவ்விடம் வளைந்து நிமிர்கிறது. உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. கடைசி இழைகள் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் நிலையில் கையை ஒருபுறம் சாய்த்தால் பெட்டி சூடேறும், மறுபுறம் சாய்த்தால் ஆறிவிடும். அந்நிலையில் கை பழகிப்போய் அப்படியே தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர். ஒடிந்த இடத்தில் பொறி பறந்து உறை கருகுவதற்கு அதுவே தொடக்கம்.

பழைய வடங்களுக்கு மேலே பருத்தி நூல் பின்னல் இருக்கும். ரப்பர் உறை சூட்டில் இளகிவிடும் என்பதற்காக, உள்ளே கல்நார் சுற்றிய வடங்களும் ஒரு காலத்தில் உலகெங்கும் புழக்கத்தில் இருந்தன. கல்நார்த் தூசி நுரையீரலுக்கு நஞ்சு என்பது பின்னாளில் தெளிவாயிற்று. பழைய பெட்டியில் அத்தகைய வடம் இருந்தால் அதைப் பிரித்து ஆராயாமல் அப்படியே மாற்றிவிடுவதே முறை.

வடம் அறுந்திருக்கவில்லை. ஆனால் அவர் செருகியைத் திறந்ததும் முகம் மாறியது. மூன்று முனைச் செருகியில் மேலே தடித்திருக்கும் முனைக்கு, அதாவது எர்த் முனைக்கு, கம்பியே இணைக்கப்படவில்லை. பச்சைக் கம்பி வெட்டி மடித்துவிடப்பட்டிருந்தது.

“யாரும்மா இத செஞ்சது?”

“தொட்டா லேசா ஷாக்கடிக்குதுன்னு பையன் ஏதோ பண்ணான் அண்ணே.”

கடைக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சூடாவலன்னா கோட்டுதான் போவும். இது இல்லன்னா நீ போயிடுவ” என்றார்.

எர்த் கம்பியின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பெட்டிக்குள் மின்சாரம் வழிதவறி உலோக உடலைத் தொட்டுவிட்டால், அது தரைக்குச் செல்ல எளிய பாதை ஒன்று வேண்டும். அப்பாதை இருந்தால் பெருமின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போகும், உயிர் பிழைக்கும். பாதை இல்லாவிட்டால் தொடுபவரின் உடலே பாதை. மழைநாளில் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று தேய்ப்பவருக்கு அது இன்னும் எளிய பாதை. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிகள் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே செயல்படுமாறு அமைக்கப்படுகின்றன. அதற்குமேல் இதயம் தாங்காது என்பதே அதன் பொருள். வாடகை வீடுகள் பலவற்றில் அக்கருவி இல்லை. லேசாக அதிர்ச்சி அடித்தது ஓர் எச்சரிக்கை. மகன், அறியாமல், எச்சரிக்கையைக் காரணமாகக் கொண்டு காவலைத் துண்டித்துவிட்டான்.

*

அம்மாளின் பெட்டியைத் திறக்கத் திருகாணிகளில் எண்ணெய் விட்டுவிட்டு, அது ஊறும் நேரத்தில் கடைக்காரர் எங்கள் பெட்டியை வாங்கினார். செருகிச் சுவிட்சைப் போட்டதும் அதன் சிறு விளக்கு எரிந்தது. உடனே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“லைட்டு எரியுது, பொட்டி எரியல. காயில் போச்சு. இதுல மாத்த முடியாது சார்.”

ஒரு நொடியில் அவர் எப்படி அறிந்தார் என்று கேட்டோம். இக்காலப் பெட்டிகளில் அச்சிறு விளக்கு சூடேற்றும் கம்பிக்கு இணையாக, வெப்பக் கட்டுப்பாட்டுக்கும் காப்பு ஃபியூசுக்கும் அப்பால் இணைக்கப்பட்டிருக்கிறது. விளக்கு எரிந்தால் அதுவரை எல்லாம் நலம். எஞ்சியிருப்பது கம்பி ஒன்றே. விளக்கும் எரியாவிட்டால் சுவர் முதல் கட்டுப்பாடு வரை எங்கும் தேட வேண்டும். பழைய பெட்டிகள் சிலவற்றில் இது நேர்மாறு. அவற்றில் ஒரு சிறு பல்பு, கம்பியோடு தொடராக உள்ள உலோகத் துண்டின் இரு முனைகளுக்கிடையே வைக்கப்பட்டிருக்கும். கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால்தான் பல்பு எரியும். அதில் விளக்கு எரிந்தால் கம்பி நலமென்று பொருள். ஒரே விளக்கு இரு தலைமுறைப் பெட்டிகளில் எதிரெதிரான செய்தியைச் சொல்கிறது. எந்தக் காலத்துப் பெட்டி என்று தெரியாமல் விளக்கைப் படிக்க இயலாது.

வெப்பக் கட்டுப்பாடு என்ற உறுப்பின் கதை இன்னும் பழையது. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகத் தகடுகளை ஒன்றாகப் பிணைத்தால் சூட்டில் அவை ஒருபுறம் வளையும். பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்பயணக் கடிகாரங்களைச் செய்த ஜான் ஹாரிசன், வெப்பநிலை மாற்றத்தால் கடிகாரம் பிழைபடாதிருக்கப் பித்தளையையும் எஃகையும் இவ்வாறு பிணைத்தார். நடுக்கடலில் கப்பலின் இடத்தைக் கணிக்க உதவிய அதே உபாயம் 1920களில் இஸ்திரிப்பெட்டிக்குள் புகுந்தது. போதிய சூடு ஏறியதும் தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். அந்தத் தொடர்புமுனைகள் கரிந்தாலும், கஞ்சித்தூளும் நூற்பிசிறும் இடையில் படிந்தாலும் பெட்டி சூடேறாது. இத்தகைய பெட்டிகளில் ஏ.சி. மட்டும் என்று அச்சிட்டிருப்பதன் காரணமும் இதுவே. நம் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் முனைகளுக்கிடையே எழும் பொறி தானே அணைகிறது. நேர்மின்னோட்டத்தில் பொறி நீடித்து முனைகளைத் தின்றுவிடும்.

நம் ஊரில் இந்த உறுப்பு தேவையாகிப் போனது துணி மாறியதால். பருத்திக்கு 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும் வலிமையுண்டு. தவறினால் காந்தும், அதற்குள் மூக்கு எச்சரித்துவிடும். 1960களிலும் 70களிலும் டெரிலினும் டெரிகாட்டனும் வந்தன. பாலியெஸ்டர் இழை 260 பாகையை ஒட்டி உருகும். அதற்கு வெகு முன்பே பளபளத்துச் சுருங்கிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். அத்தலைமுறையில் முதன்முதலாக வாங்கிய டெரிலின் சட்டையில் பெட்டி வடிவத்தில் ஓட்டை விழுந்த கதை இல்லாத குடும்பம் குறைவு. இன்று சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 110, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 பாகை.

*

எண்ணெய் ஊறியது. அம்மாளின் பெட்டி திறந்தது. மேல்மூடி, அதன்கீழ் கனமான வார்ப்பிரும்பு அழுத்துதகடு, அதன்கீழ் கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய ஏடுகள். இரண்டு ஏடுகளுக்கு நடுவே மூன்றாவது ஏட்டில் சுற்றப்பட்ட நாடாக்கம்பி.

இரண்டு பொருள்கள் இங்கே சேர்ந்திருக்கின்றன. கம்பி, நிக்ரோம் எனப்படும் நிக்கல் குரோமியக் கலவை. ஏறத்தாழ எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் இரும்புக் கம்பியைச் சூடேற்றினால் காற்றுப்பட்டு விரைவில் துருப்பிடித்து அறுந்தது. பிளாட்டினமோ விலைக்கு எட்டாதது. நிக்ரோம் சிவக்கச் சூடேறும்போது அதன்மேல் குரோமிய ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து கம்பியைத் தானே காத்துக்கொள்கிறது. வீட்டிலுள்ள ரொட்டிச் சுடுவான், மின்னடுப்பு, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றின் வயிற்றிலும் இருப்பது இக்கலவையின் வழித்தோன்றலே.

ஏடுகள் மைக்கா. தமிழில் காக்காய்ப்பொன் என்று அழகான பெயருண்டு. சிவந்த கம்பிக்கும் நாம் தொடும் இரும்புக்கும் நடுவே, சூட்டை விட்டு மின்சாரத்தை மறுக்கும் பொருளொன்று வேண்டும். அப்பணிக்கு மைக்காவைப்போல் இயற்கையில் வேறொன்று அமைவது அரிது. இந்தியா நெடுங்காலம் உலகுக்கு மைக்கா தந்த நாடு. இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மாவுக்கு அடுத்த பெரும் சுரங்கப்பகுதி நெல்லூரை அடுத்த கூடூர். ஆந்திர மாநிலம் 1953இல் பிரியும்வரை அது சென்னை மாகாணத்து ஊர். இரண்டாம் உலகப்போரில் வானொலிக் கருவிகளுக்காகவும் விமான எஞ்சின்களுக்காகவும் நேச நாடுகள் தேடிச் சேர்த்த ஏடுகள், அமைதிக்காலத்தில் நம் சட்டைகளைத் தேய்த்தன.

அம்மாளின் பெட்டியில் நாடாக்கம்பி இணைப்பு முனையருகே கருகி அறுந்திருந்தது. அங்கே திருகு தளர்ந்து சூடு கூடிவிட்டது என்றார் கடைக்காரர். ஏட்டின் ஓரம் நொறுங்கி, கம்பி உடலைத் தொடும் நிலையில் இருந்தது. லேசாக அதிர்ச்சி அடித்ததன் காரணமும் அதுவே.

*

கடைக்காரர் புதிய ஏட்டைப் பொருத்திக்கொண்டிருக்கையில் அம்மாள் தம் கரிப்பெட்டியைப் பற்றிச் சொன்னார். பித்தளைப்பெட்டி, மாமியார் காலத்தது. அது சூடேறாமல் போவதற்கு மூன்றே காரணங்கள்: கரி ஈரம், சாம்பல் அடைப்பு, காற்று போதாமை. பக்கத்துத் துளைகளைத் தட்டிவிட்டு, பெட்டியைக் கையில் தூக்கி இருமுறை வீசினால் கங்கு கண் விழித்துவிடும். ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியை அவ்வாறு நாள்முழுதும் தூக்குவதால் தோள் என்னவாகும் என்பதை அவர் சொல்லவில்லை. பேசும்போதெல்லாம் இடக்கை வலத்தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கங்கால் துணி நீவும் வழக்கம் ஆசியாவில் மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சீனப் பட்டோவியம் ஒன்றில், அரண்மனைப் பெண்கள் பட்டை விரித்துப் பிடித்திருக்க ஒருத்தி கங்கு நிறைந்த கிண்ணத்தால் நீவுகிறாள். போஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவ்வோவியத்தில் சிறுமி ஒருத்தி கரியடுப்புக்கு விசிறுவதையும் காணலாம்.

நம் பழந்தமிழ்ச் சலவையில் சூட்டுக்கு இடம் வெள்ளாவியில் இருந்தது. உவர்மண்ணில் ஊறவைத்த துணியைத் தாழியில் அடுக்கி ஆவியில் வேகவைத்து வெளுப்பார்கள். மொடமொடப்புக்குக் கஞ்சி. குறுந்தொகையின் 330ஆம் பாடலிலேயே பசையில் தோய்த்த துணியைக் குளத்தில் அலசும் சலவைப்பெண் வருகிறாள். துணியை நீவியது அடியும் சங்கும். 1742இல் தென்னிந்தியத்திலிருந்து எழுதிய கடிதமொன்றில் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியை மரக்கட்டைகளால் அடித்து வழவழப்பாக்கி அதன்மேல் வண்ணம் தீட்டியதை விரிவாக விவரிக்கிறார். சோழமண்டலக் கரையின் துணிகள் சங்கால் தேய்த்து மெருகேற்றப்பட்டுக் கப்பலேறின. சென்னையின் வண்ணாரப்பேட்டை என்ற பெயர், கும்பினியின் துணி வணிகத்துக்காக வெளுத்தவர்களின் குடியிருப்பைக் குறித்தது. நகரின் செல்வம் ஒரு பங்கு அவர்கள் தோளிலிருந்து வந்தது. நகரின் வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்தப் பெயரளவே.

இஸ்திரி என்ற சொல் இந்துஸ்தானி வழியாக வந்தது. இழுத்து நீட்டுதலைக் குறிக்கும் எஸ்டிரார் என்ற போர்ச்சுக்கீசிய வினையோடு அதனைத் தொடர்புபடுத்துவாருண்டு. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவற்றை நமக்குத் தந்த மொழியிலிருந்து இதுவும் வந்திருப்பின் வியப்பில்லை. வேட்டியையும் சேலையையும் மடித்து வைத்தாலே போதும். கழுத்துப்பட்டையும் கைமணிக்கட்டும் வைத்துத் தைத்த சட்டைக்குத்தான் பெட்டி வேண்டும். அலுவலகமும் பள்ளியும் படையும் அத்தகைய உடையைக் கேட்டபோது, வெளுத்துத் தந்த குடிகளின் கையிலேயே பெட்டியும் வந்து சேர்ந்தது. துவைக்கும் இயந்திரம் வீடுகளுக்குள் வந்தபின் வெளுப்பு அவர்கள் கையை விட்டுப் போயிற்று. தேய்ப்பு மட்டும் எஞ்சியது. சீமைக்கருவேலங்கரியோ கொட்டாங்குச்சிக்கரியோ நிறைத்த பெட்டியோடு தெருவோரத் தள்ளுவண்டி என்ற காட்சி அப்படி உருவாயிற்று.

அரசு விலையில்லாத் தேய்ப்புப் பெட்டிகள் வழங்குகிறது. அண்மை ஆண்டுகளில் எரிவாயுப் பெட்டிகளும் அத்திட்டத்தில் வந்துள்ளன. திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய ஒளியால் இயங்கும் தேய்ப்புவண்டியை வடிவமைத்து 2020இல் சுவீடனில் சிறுவர்க்கான காலநிலைப் பரிசு பெற்றார். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள்முன் பேசினார். கரிப்புகை அந்த மாணவியின் கண்ணில் பட்டது நமக்கெல்லாம் ஒரு பாடம். நாமும் அதே வண்டிகளைக் கடந்துதான் தினமும் சென்றோம்.

*

ஏடு பொருந்தியது. திருகுகள் இறுகின. பச்சைக்கம்பி தன் இடத்துக்குத் திரும்பியது. பிறகு கடைக்காரர் பெட்டியை நேரே சுவரில் செருகாமல் ஒரு பலகையில் செருகினார். அதில் பழைய 100 வாட் குண்டுபல்பு ஒன்று தொடராக இணைக்கப்பட்டிருந்தது. கம்பி நலமாயிருந்தால் பல்பு ஏறக்குறைய முழு ஒளியில் எரியும். கம்பியின் தடை எழுபது ஓம், பல்பினுடையது ஐந்நூறுக்கு மேல். அறுந்திருந்தால் எரியாது. பின்னர் ஒரு முனையை மின்வழியிலிருந்து எடுத்துப் பெட்டியின் உடலில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. கசிவில்லை என்று பொருள். கடையில் அத்தகைய குண்டுபல்பு கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டதால், இருக்கும் இரண்டைப் பஞ்சில் சுற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். இச்சோதனைகளை வீட்டில் எவரும் செய்து பார்க்க வேண்டாம். செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வடத்தையும் முனைகளையும் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நமக்குத் தகும்.

எங்கள் பெட்டியில் கம்பி குழாய்க்குள் அடைக்கப்பட்டு அடித்தகட்டோடு வார்க்கப்பட்டிருக்கிறது. அதனால் அது எடை குறைந்தது, விரைவில் சூடேறுவது, மின்கசிவுக்கு இடம் தராதது. குற்றம் சொல்ல முடியாத நன்மைகள். ஆனால் கம்பி போனால் தகடும் போயிற்று. தனித்தகடு தேடிப் பிடித்தாலும் அதன் விலை புதுப்பெட்டியை நெருங்கும். இந்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. கருவியை வாங்கியவருக்கு அதைத் திறந்து சரிசெய்யும் வழியும் உதிரிப்பாகமும் கிடைக்க வேண்டும் என்ற சிந்தனை உலகெங்கும் வலுப்பெற்று வருகிறது. அந்த உரிமை ஏட்டில் எழுதப்படும்போது, அதைச் செலுத்தத் தெரிந்த கைகள் கடைவாசல்களில் எஞ்சியிருக்க வேண்டும். வேலப்பன்சாவடிக் கடைக்காரரிடம் தொழில் கற்க இப்போது எவரும் வருவதில்லை.

கடைசியாகப் பெட்டியைச் சுவரில் செருகினார். மூன்று நிமிடம் கழித்து நனைந்த விரலிலிருந்து ஒரு சொட்டை உதறினார். சுர்ரென்றது. அம்மாளின் முகத்தைப் பார்த்தோம். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ராத்திரி பன்னெண்டுக்குள்ள முடிச்சிடுவேன். கரண்டு இருக்கணும்.”

“கால்ல செருப்பு போட்டுக்கினு தேய்” என்றார் கடைக்காரர். “ரப்பர் செருப்பு.”

அவர் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சூடு ஆறாத பெட்டியைச் சாக்கில் சுற்றி மழையில் இறங்கினார். எங்கள் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டோம். அதன் வடம் நல்ல வடம், வேறு பெட்டிக்கு ஆகும் என்றார் கடைக்காரர்.